பிரியாத இரண்டு எக்ஸ்கள்: பழப்பூச்சியின் விதிவிலக்கு மகள்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளைக் கண் உள்ள பெண் பழப்பூச்சியைச் சிவப்புக் கண் உள்ள ஆணோடு கலக்க விட்டால், மகள்கள் எல்லாம் சிவப்புக் கண்ணோடும் மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண்ணோடும் பிறக்க வேண்டும். அந்தக் கண் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டும். தந்தை கொடுப்பது ஒய். மகளுக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வோர் எக்ஸ் வரும். தந்தையின் எக்ஸில் உள்ள சிவப்பு, தாயின் வெள்ளையை மறைத்துவிடும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-இல் அறிவித்த வெள்ளைக் கண் ஆண் பூச்சியின் வழித்தோன்றல்களை வைத்து நிலைநாட்டப்பட்ட கணக்கு இது.

இந்தக் கணக்கு எப்போதாவது தவறியது. ஏறத்தாழ 2,000 பூச்சிகளுக்கு ஒன்று என்ற அளவில், இருக்கவே கூடாத ஒரு வெள்ளைக் கண் மகளோ சிவப்புக் கண் மகனோ புட்டிக்குள் தென்பட்டது. மகள் தாயை அப்படியே உரித்து வைத்திருந்தாள்; மகன் தந்தையை. மார்கனின் ஆய்வகத்தில் புட்டி கழுவும் வேலையோடு தொடங்கிய கால்வின் பிரிட்ஜஸ் இந்த விதிவிலக்குகளை ஒதுக்காமல் தனியே எடுத்து வளர்த்தார். 1913-இலும் 1914-இலும் முன்னோட்டமாகச் சிலவற்றை வெளியிட்டார். முழு ஆய்வு 1916-இல் வந்தது. அந்த ஆண்டு தொடங்கிய ‘ஜெனிட்டிக்ஸ்’ இதழின் முதல் கட்டுரையே அதுதான்.

குரோமோசோம் பிரிதலைப் பற்றிப் பேச இந்தப் பழைய நிகழ்வை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. செல் பகுப்பைப் படிக்கும்போது புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு படங்களை வரிசையாகப் பார்க்கிறோம். மூன்றாவது படத்தில் குரோமோசோம்கள் இரு துருவங்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். எதிரெதிர்த் திசையில் போக வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் படம் சொல்லாது. மாணவரும் கேட்பதில்லை, பிரிவது இயல்பு என்றே தோன்றிவிடுகிறது. பிரிட்ஜஸின் பூச்சிகள் அந்தக் கேள்விக்குத்தான் விடை வைத்திருந்தன: சரியாகச் சேர்ந்திருந்த இரண்டுதான் சரியாகப் பிரியும்.

பின்னணி

உடல் செல்களில் நடக்கும் மைட்டாசிஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு குரோமோசோமும் பிரிவுக்கு முன்பே நகலெடுக்கப்பட்டு, இரண்டு குரோமாட்டிட்களாக ஒட்டி நிற்கிறது. ஒரு குரோமாட்டிட்டின் சென்ட்ரோமியர் என்னும் இடுக்கான பகுதியில் உள்ள கைனட்டோகோரை, அதாவது இழைகள் பற்றிக்கொள்ளும் புரத அமைப்பை, ஒரு துருவத்திலிருந்து வரும் கதிர்கோல் இழைகள் பிடிக்கின்றன; அதன் உடன்பிறப்பை எதிர்த் துருவத்து இழைகள் பிடிக்கின்றன. எல்லாம் பிடிபட்டதும் ஒட்டு அறுகிறது. விளைவு, தாய்ச் செல்லைப் போலவே இரண்டு செல்கள்.

மியாசிஸ் எனும் குன்றல் பிரிவு வேறு மாதிரி. இங்கே நகலெடுப்பு ஒருமுறை, பிரிவு இருமுறை. முதல் பிரிவில் உடன்பிறப்புக் குரோமாட்டிட்கள் பிரிவதில்லை. தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும்தான் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. இரண்டாம் பிரிவு ஏறக்குறைய மைட்டாசிஸைப் போன்றது. சிக்கல் எங்கே என்றால், உடன்பிறப்புக் குரோமாட்டிட்கள் நகலெடுக்கப்பட்ட கணத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. தாய்வழியும் தந்தைவழியுமாக இணையும் ஒத்த குரோமோசோம்கள் அப்படியல்ல. அவை உட்கருவில் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, நெடுக இணைந்து, குறுக்கேற்றத்தின் வழியே துண்டுகளை மாற்றிக்கொண்டு, அந்த முடிச்சில் கட்டுண்டு நிற்க வேண்டும். அந்த முடிச்சைத்தான் கயாஸ்மா என்கிறோம். இத்தனை வேலைக்குப் பிறகுதான் பிரிவு. பழப்பூச்சியிடம் மொத்தமே நான்கு இணைகள்தான் என்பதால், இதில் எது தவறினாலும் கண்டுபிடிப்பது எளிது.

மூன்று விளக்கங்கள்

வெள்ளைக் கண் மகள் ஒருத்தி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்படத்தை. வெளியிலிருந்து ஒரு பூச்சி புகுந்திருக்கலாம். தாய் முன்பே வேறொரு ஆணோடு சேர்ந்திருக்கலாம். ஒரே ஒரு புட்டியில் ஒரே ஒரு முறை நடந்திருந்தால் அதோடு விட்டுவிடலாம். பல கலப்புகளில், ஏறத்தாழ ஒரே வீதத்தில் வந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு இந்த விளக்கம் போதாது.

அடுத்தது மரபணுத் திடீர்மாற்றம். தந்தையின் சிவப்பு வெள்ளையாக மாறியிருக்கலாமே? ஆனால் அப்படியானால் விதிவிலக்கு மகன்களில் தாயின் வெள்ளை சிவப்பாக, எதிர்த் திசையில் மாறியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, எக்ஸில் இருக்கும் மற்றப் பண்புகளையும் சேர்த்துக் கவனித்தபோது கிடைத்த செய்தி. விதிவிலக்கு மகள் கண் நிறத்தில் மட்டும் தாயைக் கொள்ளவில்லை. எக்ஸ் சார்ந்த எல்லாப் பண்புகளிலும் தாயையே கொண்டிருந்தாள். மற்றக் குரோமோசோம்களில் உள்ள பண்புகளோ வழக்கம்போல இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தன. ஒரு மரபணு மாறினால் இப்படி ஆகாது. ஒரு குரோமோசோம் முழுதாக இடம் மாறினால் ஆகும்.

எஞ்சியது பிரிட்ஜஸின் விளக்கம். தாயின் இரண்டு எக்ஸ்களும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டன. ஒரு முட்டைக்கு இரண்டு எக்ஸ். இன்னொன்றுக்கு எக்ஸே இல்லை. இரண்டு எக்ஸ் உள்ள முட்டையோடு ஒய் தாங்கிய விந்து சேர்ந்தால் எக்ஸ்-எக்ஸ்-ஒய். அவள்தான் வெள்ளைக் கண் மகள். எக்ஸ் இல்லாத முட்டையோடு எக்ஸ் தாங்கிய விந்து சேர்ந்தால் ஒற்றை எக்ஸ், ஒய் கிடையாது. அவன்தான் சிவப்புக் கண் மகன். மூன்று எக்ஸ் பெற்றவை பெரும்பாலும் இறந்துவிடும், எக்ஸே இல்லாதவை இறந்தே தீரும். இதற்குப் பிரிட்ஜஸ் வைத்த பெயரைத் தமிழில் பிரியாநிலை என்கிறோம்.

இந்த விளக்கம் கேட்டதற்கு மேலாகவும் ஒன்றைக் கொடுத்தது. சிவப்புக் கண் விதிவிலக்கு மகன்கள் எல்லோரும் மலடு. ஒய் இல்லாமலே ஆணாக இருக்கிறார்கள், ஆனால் இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை. ஆக, பழப்பூச்சியில் ஒய் பாலைத் தீர்மானிப்பதில்லை; ஆணின் இனப்பெருக்கத் திறனுக்குத்தான் அது தேவை. எக்ஸ்-எக்ஸ்-ஒய் மகள்களோ ஒய் இருந்தும் பெண்கள், முட்டையிடும் பெண்கள். வழக்கின் அடுத்த கட்டம் இவர்களைக் கொண்டுதான் நகர்ந்தது.

இரண்டாம் தலைமுறை

விதிவிலக்கு மகளை இயல்பான சிவப்புக் கண் ஆணோடு கலந்தபோது விதிவிலக்குகள் மீண்டும் வந்தன. இந்த முறை 2,000-க்கு ஒன்று அல்ல, நூற்றுக்கு நான்கு. சில மகள்கள் மறுபடி வெள்ளைக் கண்ணோடு. சில மகன்கள் மறுபடி சிவப்புக் கண்ணோடு. இந்த மகன்கள் மலடாக இல்லை என்பது கவனிக்க வேண்டிய வேறுபாடு. தாயிடம் ஒரு ஒய் இருந்தது. முட்டை வழியே அந்த ஒய் மகனுக்குப் போயிருக்கிறது. எக்ஸ் தந்தையிடமிருந்து வந்திருக்கிறது. ஒய்யைத் தாயிடமிருந்தும் எக்ஸைத் தந்தையிடமிருந்தும் பெற்ற மகன், வழக்கத்துக்கு நேர்மாறு.

இங்கே பிரிட்ஜஸ் செய்ததுதான் இந்த ஆய்வின் நடு முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். கண் நிறத்தை மட்டும் பார்த்து, எந்தப் பூச்சியின் செல்லில் எத்தனை குரோமோசோம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார். வெள்ளைக் கண் விதிவிலக்கு மகள்களின் செல்களில் இரண்டு நேரான எக்ஸ்களோடு ஒரு வளைந்த ஒய்யும் இருந்தது. பார்க்க இயல்பாகத் தோன்றிய சிவப்புக் கண் மகள்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் மறைவாக ஓர் ஒய் இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அதுவும் அப்படியே இருந்தது.

அதற்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால்தான் இதன் எடை தெரியும். 1902, 1903 ஆண்டுகளில் வால்டர் சட்டன் சொன்னதும், தியோடர் போவெரியின் ஆய்வுகள் காட்டியதும், மெண்டலின் காரணிகளும் குரோமோசோம்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பதை. நல்ல வாதம், ஆனால் இணையான இரண்டு நடத்தைகளைக் காட்டும் வாதம் மட்டுமே. இரண்டும் ஒழுங்காக நடக்கும்வரை ஒன்று இன்னொன்றில் இருக்கிறதா, சும்மா பக்கத்தில் நடக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. குரோமோசோம் தடம் புரளும் அதே பூச்சியில், அதே விதத்தில் மரபுக் கடத்தலும் தடம் புரண்டால்தான் சந்தேகம் தீரும். இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் குரோமோசோம் கொள்கையை நம்ப மறுத்து நீண்ட காலம் நின்றவர். அவரே 1921 டிசம்பரில் டொராண்டோவில் நிகழ்த்திய உரையில் கொலம்பியாக் குழுவின் முடிவுகளைப் பொதுமேடையில் ஏற்றார்.

நான்கு என்ற எண்

பாடப்புத்தகங்கள் இந்த நிகழ்வை இங்கே முடித்துவிடுகின்றன: மரபணு குரோமோசோமில் இருக்கிறது, நிரூபணம் முடிந்தது. எனக்கு அந்த நான்கு விழுக்காடுதான் கூடுதல் சுவையானது. ஏன் நான்கு? ஏன் ஐம்பது இல்லை, ஏன் 2,000-க்கு ஒன்றாகவே நீடிக்கவில்லை?

மூன்று குரோமோசோம்கள், இரண்டு துருவங்கள். எவையும் ஒன்றோடொன்று சேராமல் தன்போக்கில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்று பிரிய மூன்று வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றில்தான் இரண்டு எக்ஸ்களும் ஒன்றாகப் போய் ஒய் தனித்து நிற்கும். ஆக மூன்றில் ஒரு பங்கு பிரிவுகள் பிசகும். அந்தப் பிசகான முட்டைகளில் கருவுற்றவற்றில் பாதி இறந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், உயிரோடு வரும் சந்ததியில் ஐந்தில் ஒன்று, அதாவது 20 விழுக்காடு, விதிவிலக்காக இருக்க வேண்டும். கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே அந்த மூன்றும் தன்போக்கில் போகவில்லை. இரண்டு எக்ஸ்களும் ஒன்றையொன்று நாடுகின்றன. ஒய் பெரும்பாலும் வெளியில் நிற்கிறது.

பிரிட்ஜஸ் இதை எண்ணாகவே எழுதினார். நூற்றில் சுமார் 84 முறை எக்ஸும் எக்ஸும் இணைகின்றன. அவை எதிரெதிரே போகின்றன. இணையில்லாத ஒய் எந்தப் பக்கமும் போகலாம், கெடுதலில்லை. மீதி 16 முறை ஓர் எக்ஸ் ஒய்யோடு இணைந்துவிடுகிறது. அவை இரண்டும் எதிரெதிரே போக, தனித்து விடப்பட்ட இன்னோர் எக்ஸ் பாதித் தடவை முதல் எக்ஸின் பக்கம் சேர்ந்துவிடுகிறது. எட்டு விழுக்காடு முட்டைகள் பிசகானவை. அவற்றில் பாதி கருவில் இறக்க, எஞ்சுவது நான்கு. நேரில் பார்க்காத ஒரு சேர்க்கையின் அளவை, பிறந்த பூச்சிகளின் கண்ணை எண்ணியே கணித்த துணிச்சல் இது.

இந்தப் படம் பிற்பாடு திருத்தப்பட்டது. எக்ஸும் ஒய்யும் முதலிலேயே போட்டிபோட்டு இணைவதாகப் பிரிட்ஜஸ் எண்ணினார். பின்னால் வந்த ஆய்வுகளில், விதிவிலக்கு மகள்கள் பெற்ற இரண்டு எக்ஸ்களும் பெரும்பாலும் குறுக்கேற்றம் நடக்காதவை என்று தெரிந்தது. எக்ஸ்கள் முதலில் இணைகின்றன. குறுக்கேற்றம் நடந்துவிட்டால் கட்டு விழுந்துவிடும், பிறகு ஒய்யால் ஒன்றும் செய்ய முடியாது. குறுக்கேற்றம் நடக்காமல் போனவற்றில்தான் ஒய் உள்ளே நுழைந்து கெடுக்கிறது. விவரம் மாறினாலும் அடிப்படை உறுதியாகவே நிற்கிறது: சேர்க்கை எங்கே தளர்ந்ததோ அங்கேதான் பிரிவும் தவறுகிறது.

எதிர்ச் சோதனை ஒன்றும் தானாகவே கிடைத்தது. 1922-இல் லிலியன் மார்கன், இரண்டு எக்ஸ்கள் ஒரே சென்ட்ரோமியரில் நிரந்தரமாக ஒட்டிப்போன பெண் பூச்சிகளை விவரித்தார். இவற்றில் எக்ஸ்கள் பிரியவே முடியாது. மகள்கள் எல்லோரும் தாயின் எக்ஸ்களையே பெற்றார்கள், மகன்கள் எல்லோரும் தந்தையின் எக்ஸை. விதிவிலக்கு 100 விழுக்காடாகி அதுவே விதியானது. பிரிட்ஜஸின் விளக்கத்துக்கு இதைவிடச் சுத்தமான சான்று கேட்க முடியாது.

இழுவிசையை உணரும் செல்

சேர்ந்திருப்பது ஏன் பிரிவதற்குத் தேவை? இதற்கான விடை பூச்சிகளின் விந்தகச் செல்களிலிருந்துதான் வந்தது. 1969-இல் புரூஸ் நிக்லஸும் அவருடன் பணியாற்றிய கோச்சும் வெட்டுக்கிளியின் விந்துத் தாய்ச் செல்லுக்குள் நுண்ணூசியைச் செலுத்தி, ஓர் இணைக் குரோமோசோமின் இரண்டு உறுப்புகளும் ஒரே துருவத்தோடு மாட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். வழக்கமாக அந்தத் தவறான பிடி சீக்கிரமே கழன்று, மறுபடி பிடிபடும். ஊசியால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தபோது தவறான பிடியே நிலைத்துவிட்டது. எந்தத் துருவம் என்று செல்லுக்குத் தெரியாது. இழுபடுகிறதா இல்லையா என்பதுதான் தெரியும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் ஆள் இருந்தால்தான் கயிறு விறைக்கும். அந்த விறைப்பைத்தான் கைனட்டோகோர் சரியான பிடிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்து ஆளைக் கொடுப்பது ஒத்த குரோமோசோமோடு போட்ட முடிச்சு.

கும்பிடுபூச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் ஆணில் பால் குரோமோசோம்கள் மூன்று, இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும். மூன்றும் சேர்ந்தே நிற்கும். எப்போதாவது ஓர் எக்ஸ் சேராமல் தனித்துப் போனால் அந்தச் செல் அனாஃபேஸுக்குள் நுழையாமல் நின்றுவிடுகிறது. லீயும் நிக்லஸும் 1995-இல் அந்தத் தனித்த எக்ஸை நுண்ணூசியால் இழுத்தார்கள். செல் ஏமாந்து அனாஃபேஸைத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புள்ளிவிவரமாக மட்டுமே இருந்த ஒரு கருத்தை விரலால் தொட்டுக் காட்டுவது போன்ற சோதனை. உயிரியலில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று.

மூலக்கூறு விவரங்கள் இதற்கு அடியில் அமர்கின்றன. உடன்பிறப்புக் குரோமாட்டிட்களைச் சுற்றி வளைத்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்னும் வளையப் புரதம். ஒத்த குரோமோசோம்களைக் கட்டி நிறுத்துவதும் கடைசியில் அதுவே: குறுக்கேற்றம் ஒன்றின் குரோமாட்டிட்டை மற்றொன்றில் பின்னிவிடுகிறது, அந்தப் பின்னலுக்கு அப்பால் குரோமோசோமின் கைகளை, அதாவது சென்ட்ரோமியரிலிருந்து நீளும் பகுதிகளை, ஒட்டியிருக்கும் கொஹீசின் அதை அவிழாமல் காக்கிறது. எல்லாக் கைனட்டோகோர்களும் பிடிபட்டபின், அதுவரை பிரிவைத் தடுத்து நின்ற காவல் சமிக்ஞை அடங்குகிறது, செக்யூரின் என்னும் புரதம் சிதைக்கப்படுகிறது, அதனால் அடக்கி வைக்கப்பட்டிருந்த செப்பரேஸ் என்னும் நொதி விடுபட்டுக் கொஹீசினை வெட்டுகிறது. முதல் பிரிவில் வெட்டப்படுவது கைகளில் உள்ள கொஹீசின் மட்டும். சென்ட்ரோமியரில் உள்ளதை ஷுகோஷின் குடும்பப் புரதம் காக்கிறது, ஏனென்றால் இரண்டாம் பிரிவுவரை உடன்பிறப்புகள் ஒட்டியிருந்தாக வேண்டும். இந்தக் குடும்பத்தில் முதலில் கண்டறியப்பட்ட புரதமும் பழப்பூச்சியுடையதே.

குறுக்கேற்றம் இல்லாமலே பிரிகிற குரோமோசோம்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆண் பழப்பூச்சியில் குறுக்கேற்றமே கிடையாது. பெண்ணின் சிறிய நான்காம் குரோமோசோமிலும் வழக்கமாக நடப்பதில்லை. ஆனாலும் அவை தவறாமல் பிரிகின்றன. முதல் பார்வைக்கு இது மேலே சொன்னதை உடைப்பது போலிருக்கும். உண்மையில் அங்கேயும் வேறொரு வழியில் இணைப்பு இருக்கிறது. ஆணில் எக்ஸும் ஒய்யும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் இருக்கும் பகுதியில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பெண்ணில் குறுக்கேற்றம் தவறிய குரோமோசோம்களுக்கென்றே ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. எக்ஸ்-எக்ஸ்-ஒய் தாயிடம் ஒய் குழப்புவது இந்த மாற்று ஏற்பாட்டைத்தான். இயல்பான தாயிடம் விதிவிலக்கு 2,000-க்கு ஒன்றாகக் குறைந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

மனிதருக்குப் பொருத்தும்போது

முதலில் ஓர் எச்சரிக்கை. எக்ஸ்-எக்ஸ்-ஒய் பழப்பூச்சி பெண். எக்ஸ்-எக்ஸ்-ஒய் மனிதர் ஆண், கிளைன்ஃபெல்டர் நிலை உள்ளவர். ஒற்றை எக்ஸ் பழப்பூச்சி மலட்டு ஆண். ஒற்றை எக்ஸ் மனிதர் பெண், டர்னர் நிலை உள்ளவர். பிசகு ஒன்றே, பால் தீர்மானிக்கும் முறைதான் வேறு. இந்த இரண்டும், 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே டவுன் நிலைக்குக் காரணம் என்பதும் 1959-இல்தான் உறுதியாயின; மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல் டிஜியோவும் லெவனும் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனால் டவுன் நிலைக்குக் குரோமோசோம் பிரியாநிலை காரணமாக இருக்கலாம் என்று வார்டன்பர்க் 1932-இலேயே ஊகித்திருந்தார். தந்தையின் வயதல்ல, தாயின் வயதே அதோடு தொடர்புடையது என்று 1933-இல் பென்ரோஸ் காட்டினார்.

தாயின் வயது ஏன்? பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் பிறக்கும் முன்பே முதல் குன்றல் பிரிவைத் தொடங்கி, ஒத்த குரோமோசோம்கள் கயாஸ்மாவில் கட்டுண்ட நிலையில் நின்றுவிடுகின்றன. அந்தப் பிரிவு முடிவது பல ஆண்டுகள் கழித்து, அந்த முட்டை வெளிவரும் மாதத்தில். கருவிலிருந்தபோது போட்ட கொஹீசின்தான் அத்தனை காலமும் முடிச்சைக் காக்க வேண்டும். எலி முட்டைச் செல்களில் அது பிற்பாடு புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. வயதாக ஆகக் குறைகிறது. குறைந்தால் முடிச்சு தளரும். தளர்ந்தால் விறைப்பு இருக்காது. விறைப்பில்லாத பிடியைச் செல் சரியாகத் திருத்த முடியாது. இருபது வயதுத் தாய்க்கு டவுன் நிலைக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1,500-க்கு ஒன்று. நாற்பதில் நூற்றுக்கு ஒன்று. வயதைத் தவிர வேறு காரணிகளும் உண்டு, இளம் தாய்களுக்கும் இது நேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிசகு எந்தப் பிரிவில் நடந்தது என்பதைப் பிரிட்ஜஸின் முறையிலேயே இன்றும் கண்டறிகிறார்கள். கண் நிறத்துக்குப் பதிலாக டிஎன்ஏ அடையாளங்கள், அவ்வளவுதான். சென்ட்ரோமியருக்கு அருகில் தாயின் இரு 21-களிலும் வேறுபடும் அடையாளம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தை இரண்டு வகைகளையும் பெற்றிருந்தால் ஒத்த குரோமோசோம்கள் பிரியவில்லை. முதல் பிரிவின் பிசகு. ஒரே வகையை இருமுறை பெற்றிருந்தால் உடன்பிறப்புகள் பிரியவில்லை. பெரும்பாலும் இரண்டாம் பிரிவு. இப்படிப் பார்த்ததில் கூடுதல் 21 சுமார் பத்தில் ஒன்பது முறை தாயிடமிருந்து வந்திருந்தது, அதிலும் பெரும்பாலானவை முதல் பிரிவில். அந்த முதல் பிரிவுப் பிசகுகளில் கணிசமான பங்கில், தாயின் இரண்டு 21-களுக்கும் இடையே குறுக்கேற்றம் நடந்த தடயமே இல்லை.